கலர் மாஸ்டரின் காலை நோட்டு

கையில் பிளாஸ்டிக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, காலை ஆறு மணிக்கு ஐந்து வயதுப் பெண் ஒருத்தியிடம் "ஒரே ஒரு தடவை போயிடும்மா, என் கண்ணுல்ல" என்று கெஞ்சிப் பார்த்தவர்களுக்குத்தான் பொறுமை என்றால் என்னவென்று தெரியும். கலர் மாஸ்டர் பதினோரு மாதமாகத் தினமும் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த பொறுமையெல்லாம் முதல் மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. மீதிப் பத்து மாதத்தையும் எரிச்சலை வைத்தே ஓட்டினார்.

"வரலப்பா."

"தூங்கறதுக்கு முன்னாடி ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சியே, அதெல்லாம் எங்க போச்சு?"

"உள்ள தூங்குது."

"எழுப்பு."

"நீயே எழுப்பு," என்று சொல்லிவிட்டுப் பட்டாணி கழிவறை வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பட்டாணி என்பது அவர் வைத்த செல்லப் பெயர். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள். இப்போது மாத்திரை தின்று தின்று கன்னம் இரண்டும் உப்பி, கழுத்து எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பெயரை மாற்ற மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

பதினான்கு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் அவள் கண் இரண்டும் வீங்கி எழுந்தாள். கொசு கடித்திருக்கும் என்றார் இவர். மறுநாள் கால் வீங்கியது, அதற்கு அடுத்த நாள் வயிறு. எந்தக் கொசு இப்படிக் கடிக்கும் என்று மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். சிறுநீரகம் ஒரு வடிகட்டி மாதிரி என்றார்கள். உடம்புக்கு வேண்டிய புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியது, இவளுக்கு அதை ஒழுக விடுகிறது என்றார்கள். மாத்திரை கொடுத்தால் நிற்கும், ஆனால் திரும்ப வரலாம். வருகிறதா என்று தெரிந்துகொள்ள, தினமும் காலையில் முதல் சிறுநீரில் ஒரு மெல்லிய பட்டையை முக்கிப் பார்க்க வேண்டும். பட்டையின் நுனி மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் புரதம் போகிறது. பச்சை ஏற ஏற ஒன்று, இரண்டு, மூன்று என்று நோட்டில் எழுதி வர வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டு, முழு அளவு மாத்திரையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த மாத்திரை லேசுப்பட்டதல்ல. அது உள்ளே போனால் பட்டாணிக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பசி எடுக்கும். பசித்தால் அழுகை, கொடுத்தால் போதாது என்று அழுகை, போதும் என்றால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள். டிவி ரிமோட்டின் பின்மூடி போன இடம் இன்றுவரை தெரியாது. இத்தனைக்கும் உப்பைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவு. பிள்ளைக்கு இல்லாத உப்பு யாருக்கும் வேண்டாம் என்று கலர் மாஸ்டர் ஒரே நாளில் வீட்டிலிருந்த உப்பு டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் என்பது தண்டனை நேரமாகிவிட்டது.

போதாக்குறைக்கு ஊரே வைத்தியராகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். மாடிவீட்டுக்காரர் தண்ணீரையே கண்ணில் காட்டாதே என்றார். அவர் வேலை பார்க்கும் கடையின் முதலாளி பார்லி என்றார். தெருமுனைப் பால்காரர் மட்டும் "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றார். அவரைத்தான் கலர் மாஸ்டருக்குப் பிடித்திருந்தது.

ஆரம்பத்தில் மூன்று மாதம் பட்டையைப் பார்த்தது மனைவிதான். மருத்துவமனையில் சிஸ்டர் அவளுக்குத்தான் கற்றுக்கொடுத்தார். அந்த நேரத்தில் இவர் மருந்து வாங்கும் வரிசையில் நின்று முன்னால் நின்றவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவளுக்குப் பள்ளி வேனில் வேலை கிடைத்தது. பிள்ளைகளை ஏற்றி, எண்ணி, இறக்கி விடும் வேலை. காலை ஐந்தே முக்காலுக்கு வேன் வந்துவிடும். அப்படித்தான் கிண்ணம் இவர் கைக்கு வந்தது.

போகிற அவசரத்தில் அவள் காட்டிக்கொடுத்தாள். "முக்கி எடுங்க. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம். ஒரு நிமிஷத்துல பட்டை டப்பா மேல இருக்கிற கலர் கட்டத்தோட வெச்சுப் பாருங்க. அவ்வளவுதான்."

"எந்த வெளிச்சத்துல பார்க்கற?"

"இங்கயேதான். பாத்ரூம் லைட்டுல."

கலர் மாஸ்டர் அவளைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம்.

அவர் வேலை அப்படி. பெயிண்ட் கடையில் இருபத்திரண்டு வருடம். கடையில் நிறம் கலக்க ஒரு மெஷின் உண்டு. ஷேட் கார்டில் இருக்கும் எண்ணை அடித்தால் அது டப்பாவுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரும். ஆனால் எண்ணோடு வருகிறவர்கள் எத்தனை பேர்? சுவரிலிருந்து பெயர்ந்த காரைத் துண்டோடு வருவார்கள், திரைச்சீலையின் ஓரத்தை வெட்டிக்கொண்டு வருவார்கள். ஒருவர் பல் துலக்கும் பிரஷ்ஷைக் கொண்டுவந்து கைப்பிடியின் நிறத்தில் வாசற்கதவுக்குப் பெயிண்ட் கேட்டார். "வெள்ளையா வேணும், ஆனா வெள்ளையா தெரியக் கூடாது" என்று கேட்பவர்கள் வாரத்துக்கு மூன்று பேராவது உண்டு. இவர்கள் எல்லோருக்கும் மெஷின் கையை விரித்துவிடும். கலர் மாஸ்டர் வருவார். கறுப்பில் இரண்டு சொட்டு, மஞ்சளில் அரைச் சொட்டு என்று விட்டு, ஓர் அட்டையில் தீற்றி, மின்விசிறிக்கடியில் காய வைத்து, கடை வாசலுக்கு எடுத்துப்போய் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு "எடுத்துட்டுப் போங்க" என்பார். ஒரு டப்பாகூடத் திரும்பி வந்ததில்லை.

அவருக்கு இரண்டே சட்டம்தான். விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்க்கக் கூடாது. ஈரத்தில் நிறம் பார்க்கவே கூடாது. ஈரத்தில் ஒன்று தெரியும், காய்ந்தால் வேறொன்று நிற்கும். சுவரில் நிற்கப்போவது காய்ந்ததுதான்.

இப்படிப்பட்டவரிடம் ஈரப் பட்டையைப் பாத்ரூம் விளக்கில் ஒரு நிமிடத்தில் பார் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? மூன்று மாதமாகப் பெண்டாட்டி இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்ததற்குப் பிள்ளை பிழைத்ததே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பட்டையை முக்கி, ஒரு சாஸரில் வைத்து, கிழக்கு ஜன்னலோரம் காய வைத்துவிட்டு, ஷேவ் செய்யப் போனார். ஷேவ் முடியவும் பட்டை காயவும் சரியாக இருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, காலை வெளிச்சத்தில், டப்பாவின் கட்டங்களோடு வைத்துப் பார்ப்பார். டப்பாமேல் பொடி எழுத்தில் ஏதேதோ அச்சடித்திருந்தது. அதை அவர் படிக்கவில்லை. ஷேட் கார்டில் எழுத்தைப் படிப்பதெல்லாம் வாடிக்கையாளர் வேலை.

சில நாள் மஞ்சள். சில நாள் இளம்பச்சை. நான்காவது மாதம், மூன்று நாள் தொடர்ந்து நல்ல பச்சை.

"முகம் வீங்கலையேங்க," என்றாள் மனைவி. பிள்ளையின் காலை விரலால் அமுக்கிப் பார்த்தாள். "குழிகூட விழல."

"வீங்கற வரைக்கும் காத்துட்டு இருக்கணுமா? முன்னாடியே பிடிச்சுட்டோம், அதான் வீங்கல."

போன் செய்தார். மருத்துவமனையிலும் அதையேதான் சொன்னார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தது நல்லது என்றார்கள். மாத்திரையைத் தொடங்கி நான்கு நாள் கழித்துக் கூட்டிக்கொண்டு போனபோது அங்கே பட்டை மஞ்சளாக இருந்தது. மருந்து உடனே கேட்டுவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். கலர் மாஸ்டர் அன்றைக்குக் கொஞ்சம் மிதப்போடுதான் வீடு திரும்பினார்.

நான்கு மாதம் கழித்து மறுபடி வந்தது. இந்த முறை போனில் யாரோ ஒரு புது சிஸ்டர், "ஒண்ணா, ரெண்டா, சரியா பார்த்துச் சொல்லுங்க" என்றார். சரியாகப் பார்த்துச் சொல்லச் சொல்லி அவரிடம்! கலர் மாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது. அன்று மாலையே கடையிலிருந்து நான்கு சின்னச் சீசாக்களில் பெயிண்ட் கொண்டுவந்தார். அதன் பிறகு தினமும் பட்டையைப் பார்த்ததும், அதே நிறத்தைக் குச்சி நுனியில் கலந்து, நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார். எந்த சிஸ்டர் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

நிறத்தில் தப்பில்லை என்றால் தப்பு வேறு எங்கோ இருக்க வேண்டும். மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறோம், உப்பைப் பரண்மேல் ஏற்றியாகிவிட்டது, அப்புறமும் ஏன் வருகிறது? கலர் மாஸ்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். மனைவியின் சமையலைச் சந்தேகப்பட்டார். மாடிவீட்டுப் பிஸ்கட்டைச் சந்தேகப்பட்டார். கடைசியில் ஒரு நாள் மதியம் கட்டிலுக்கடியில் சிக்கியது, உருளைக்கிழங்கு சிப்ஸின் காலிப் பாக்கெட்.

வீட்டில் அப்போது இருந்தது அவருடைய அக்கா. இரண்டு தெரு தள்ளித் துணி தைத்துக்கொண்டிருந்தவள், தம்பி பொண்டாட்டி வேலைக்குப் போனதிலிருந்து காலையில் வந்து பட்டாணியைப் பார்த்துக்கொள்வாள்.

"பிள்ளைக்கு இதையா கொடுக்கற?"

"பிள்ளைக்கு எங்கடா கொடுத்தேன்? நான் தின்னேன்."

"கட்டிலுக்கு அடியிலயா உட்கார்ந்து தின்ன?"

"கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுவரோரமா உட்கார்ந்து தின்னேன். உன் வீட்டுச் சாப்பாடு வாயில வைக்க முடியுதா? பிள்ளை பார்த்தா கேட்குமேன்னு ஒளிஞ்சு உட்கார்ந்து தின்னேன். அறுபது வயசு ஆகப்போகுது எனக்கு, ஒரு பாக்கெட் சிப்ஸை ஒளிஞ்சு தின்ன வெச்சுட்ட."

"பொய் சொல்லாத அக்கா."

"பொய்யா?"

கலர் மாஸ்டர் பட்டாணியின் பக்கம் திரும்பினார். "அத்தை உனக்கு சிப்ஸ் கொடுத்தாங்களா?"

"இல்லப்பா."

"நிஜத்தைச் சொல்லு."

"நான் சாப்பிடலப்பா."

நோட்டில் பச்சைப் பொட்டு இருந்தது. பட்டை பொய் சொல்லாது. பிள்ளை சொல்லும். முதுகில் ஒன்று வைத்தார். பலமாக இல்லை என்று பிறகு மனைவியிடம் சொன்னார். பலமாகத்தான் விழுந்திருந்தது. பட்டாணி அழவில்லை. மாத்திரை தின்னும் நாட்களில் எதற்கெடுத்தாலும் அழுகிற பிள்ளை, அன்றைக்கு வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டாள். "இனிமே இந்த வாசப்படி மிதிச்சா என்னை என்னன்னு கேளு," என்று சொல்லிவிட்டுப் போனவள் ஆறு வாரமாக வரவில்லை.

அந்த ஆறு வாரமும் பட்டாணி பெயிண்ட் கடையில் கிடந்தாள். பள்ளிக்கு அனுப்பினால் சளி பிடிக்கும், சளி பிடித்தால் நோய் திரும்பும் என்று அனுப்பவில்லை. கவிழ்த்து வைத்த காலி டப்பாவில் உட்கார்ந்து ஷேட் கார்டுகளை விசிறி போல விரித்துக்கொண்டிருப்பாள். "மாஸ்டர், பாப்பா நல்லா கொழு கொழுன்னு இருக்கே, என்ன கொடுக்கறீங்க?" என்று கேட்ட வாடிக்கையாளர் ஒருவர் அன்று வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. முதலாளி குறுக்கே வந்து அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்.

இந்த நிலையில்தான் மறுபடியும் மூன்று நாள் பச்சை. மாத்திரையை முழுக்க நிறுத்தவில்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்துக்கொண்டு வரும்போதே பச்சை. கலர் மாஸ்டர் போனை எடுத்தார். போன முறையே டாக்டரம்மா சொல்லியிருந்தார். இன்னொரு தடவை திரும்பினால் இந்த மாத்திரை போதாது என்று அர்த்தம். பிள்ளையை மயக்கி, முதுகு வழியாக ஊசி விட்டு, சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு இதைவிடக் கடுமையான மருந்து, வருடக் கணக்கில்.

போனில் டாக்டரம்மாவே பேசினார். "மாத்திரையைக் கூட்டாதீங்க. நாளைக்குக் காலையில நேரா கூட்டிட்டு வந்துடுங்க. நோட்டையும் எடுத்துட்டு வாங்க."

மறுநாள் வேனை முடித்துவிட்டு ஒன்பதரைக்கு வந்துவிடுவதாக மனைவி சொல்லியிருந்தாள். எட்டரைக்கே கலர் மாஸ்டர் பிள்ளையோடு மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தார். டோக்கன் பதினேழு. பக்கத்து நாற்காலிக்காரர் தன் மச்சானின் சிறுநீரகக் கல்லைப் பற்றி ஆரம்பித்தார். கலர் மாஸ்டர் எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார். சுவரில் அடித்திருந்த பச்சை திட்டுத் திட்டாக இருந்தது. எவனோ ஈரம் காயுமுன் இரண்டாவது பூச்சு அடித்திருக்கிறான் என்று அதற்கும் எரிச்சல்பட்டார்.

"அப்பா, ஊசி போடுவாங்களா?"

"தெரியலம்மா."

"எங்க?"

அவர் குனிந்தார். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். கனத்தாள். மாத்திரையின் கனம்.

உள்ளே கூப்பிட்டார்கள். முதலில் பரிசோதனை அறை. அங்கிருந்த சிஸ்டர் தலை நரைத்தவர், அதிகம் பேசாதவர். பட்டாணியிடம் என்ன சொன்னாரோ, பதினோரு மாதமாக அப்பனைக் கெஞ்ச விட்ட பிள்ளை ஒரே நிமிடத்தில் கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தது. கலர் மாஸ்டருக்கு அதிலும் ஒரு கடுப்பு.

சிஸ்டர் நோட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் வரிசையாகப் பொட்டுகள். "யாரு வரைஞ்சது இது?"

"நான்தான். நான் பெயிண்ட் கடையில கலர் மாஸ்டர்."

"நல்லாருக்கு," என்றார் சிஸ்டர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பொட்டின்மேல் விரலை வைத்தார். "ஆனா இந்த நிறம் எங்க டப்பாவுல கிடையாதே."

"கட்டத்துல இருக்காது சிஸ்டர். ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல வரும். ஓரத்துல மட்டும் லேசா ஒரு பழுப்பு. பார்த்தீங்களா, அதையும் விடாம போட்டிருக்கேன்."

"ஓரத்துல பழுப்பா?"

"ஆமா."

சிஸ்டர் நோட்டை மூடி வைத்தார். "பட்டையை முக்கி எவ்வளவு நேரம் கழிச்சுப் பார்க்கறீங்க?"

"காஞ்சப்புறம்தான்," என்றார் கலர் மாஸ்டர். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தவர்போல நிமிர்ந்து நின்றார். "ஈரத்துல பார்த்தா நிறம் ஏமாத்தும் சிஸ்டர். நல்லா காய வெச்சு, வெளிச்சத்துல வெச்சுத்தான் பார்ப்பேன். ஒரு நாள்கூட மாத்தினதில்ல."

சிஸ்டர் எழுந்தார். ஒரு புதுப் பட்டையை எடுத்தார். பட்டாணியின் கிண்ணத்தில் முக்கினார். மேசைமேல் வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முள் ஒரு சுற்று வந்தது.

"இப்ப பாருங்க. என்ன நிறம்?"

கலர் மாஸ்டர் குனிந்தார். "மஞ்சள்."

"பச்சை ஏதாவது கலந்திருக்கா? நல்லா பாருங்க."

"இல்ல. சுத்தமான மஞ்சள்." அவர் குரல் லேசாக இறங்கியது. "காயட்டும் சிஸ்டர், அப்புறம் பாருங்க."

"சரி. காயட்டும்."

காத்திருந்தார்கள். சிஸ்டர் அடுத்த பிள்ளையின் எடையைப் பார்த்து எழுதினார். பட்டாணி எடை மெஷினில் ஏறி இறங்கி விளையாடினாள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போயிருக்கும். மேசைமேல் கிடந்த பட்டையின் நுனி கலர் மாஸ்டரின் கண்ணுக்கு எதிரிலேயே நிறம் மாறியது. முதலில் ஓரம் இருண்டது. பிறகு மஞ்சளுக்குள் ஒரு பச்சை ஏறியது. பிறகு அந்தப் பச்சை நின்றது, ஓரத்தில் லேசான பழுப்போடு. இருபத்திரண்டு வருடத்தில் அவர் எந்த நிறத்தையும் இவ்வளவு நன்றாக அடையாளம் கண்டுகொண்டதில்லை. நோட்டில் இருந்த அதே பொட்டு.

"ஒரு நிமிஷத்துக்குள்ள பார்க்கிறதுதான் கணக்கு," என்றார் சிஸ்டர். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். "அதுக்கப்புறம் காயக் காய அது என்ன நிறமா வேணும்னாலும் மாறும். தண்ணி கம்மியா குடிச்ச நாளா இருந்தா இன்னும் பச்சையாகும். அதுக்கு அர்த்தமே கிடையாது. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

சொன்னார்கள். பெண்டாட்டி சொன்னாள். டப்பாமேல் அச்சடித்தும் இருந்திருக்கும்.

டாக்டரம்மா அறையில் அவரால் உட்கார முடியவில்லை. டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார், சிஸ்டர் சொன்னதைக் கேட்டார், பட்டாணியின் கண்ணிமையை, காலை, வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"முதல்ல வந்தது நிஜமான நோய்தான். அதுல சந்தேகமில்ல. இப்ப இல்லை. ஊசி, சதை எடுக்கிறது, அதெல்லாம் இப்ப வேண்டாம். மாத்திரையைக் குறைச்சுட்டே போய் நிறுத்திடலாம்."

"நடுவுல ரெண்டு தடவை..." என்றார் கலர் மாஸ்டர்.

டாக்டரம்மா நோட்டை மறுபடி புரட்டினார். "அதை இப்ப யாராலும் சொல்ல முடியாது. வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். நாங்களும் கேட்டிருக்கணும், எப்படிப் பார்க்கறீங்கன்னு. நீங்க ஒரு நாள்கூட விடாம எழுதியிருந்தீங்க, அதனாலயே யாரும் கேட்கல."

"அப்போ இந்த முகம்..."

"அது மாத்திரையால வந்தது. நிறுத்தினா கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சுடும்." பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இனிமே இந்தப் பெயிண்ட் வேலையெல்லாம் வேண்டாம். நம்பர் போதும்."

வெளியே வந்தபோது மனைவி வேன் சீருடையோடு நடையில் ஓடி வந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது.

"என்ன சொன்னாங்க? ஊசி எப்போ?"

"ஊசி வேண்டாமாம். பட்டாணிக்கு ஒண்ணும் இல்லையாம்."

அவள் அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரித்தாள், மறுபடி துடைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் இவர் முகத்தைக் கவனித்தாள். "அப்புறம் ஏங்க இப்படி நிக்கறீங்க?"

சொன்னார். ஜன்னலோரம், சாஸர், ஷேவ் என்று ஒன்று விடாமல் சொன்னார். மச்சானின் கல்லைப் பற்றிப் பேசியவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுப் போகட்டும்.

"நான் ஒரு நிமிஷம்னு சொன்னேனா, இல்லையா?" என்றாள் மனைவி.

"சொன்ன."

"கடிகாரத்தைப் பார்த்துன்னு சொன்னேனா, இல்லையா?"

"சொன்ன."

"சொன்னேனா, இல்லையாங்க?"

"சொன்னம்மா."

அவள் எழுந்தாள். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். பேருந்தில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஊரில் உள்ளவர்களையெல்லாம் பதினோரு மாதம் திட்டித் தீர்த்தவருக்கு, தன்னைத் திட்ட ஓர் ஆள் கிடைக்கவில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போக, இவர் இரண்டு தெரு தள்ளி அக்கா வீட்டில் போய் நின்றார். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள், மெஷினை நிறுத்தவில்லை.

"அந்த சிப்ஸ்," என்றார், "நீ தின்னதுதான் அக்கா."

"அதைத்தானேடா நானும் சொன்னேன்!"

"எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

"நான் தின்ன சிப்ஸை என்கிட்டயே வந்து தெரிஞ்சுக்கிட்டேங்கற. நல்லாருக்குடா உன் நியாயம்." மெஷின் நின்றது. அவர் முகத்தில் என்ன கண்டாளோ, அக்காவின் குரல் மாறியது. "பிள்ளைக்கு என்னடா? என்ன ஆச்சு?"

"நல்லா இருக்கா அக்கா. நான்தான்..." என்று ஆரம்பித்தார். வாசற்படியிலேயே உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா எழுந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்தாள். குடித்தார். நாளைக் காலை வருகிறேன், ஆனால் என் சாப்பாட்டில் உப்பு இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். சரி என்றார்.

மறுநாள் காலை ஆறு மணி. கிண்ணம், கெஞ்சல், "உள்ள தூங்குது" எல்லாம் வழக்கம்போல நடந்து முடிந்தது. கலர் மாஸ்டர் பாத்ரூம் விளக்கைப் போட்டார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டுவந்து குழாய்க்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பட்டையை முக்கி எடுத்தார். ஈரம் சொட்டியது. கை பழக்கத்தில் ஜன்னல் பக்கம் போகப் பார்த்தது, பிடித்து நிறுத்தினார்.

பட்டாணி உரக்க எண்ணினாள். இருபத்தொன்பதிலிருந்து நாற்பதுக்குத் தாவினாள். அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்று முடிந்தது.

"என்ன கலர்?" என்று கேட்டார்.

"மஞ்சள்."

அவருக்கும் மஞ்சள்தான். இருந்தாலும் இரண்டு முறை கட்டத்தோடு வைத்துப் பார்த்தார். நோட்டை எடுத்தார். புதுப் பக்கத்தில் தேதியைப் போட்டு, பக்கத்தில் பூஜ்யம் எழுதினார். பெயிண்ட் சீசாக்களைத் தொடவில்லை. பேனாவை மூடிவிட்டு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பட்டாணி. அன்னைக்கு அப்பா உன்னை அடிச்சேன்ல, சிப்ஸுக்காக?"

"ம்."

"நீ சாப்பிடலம்மா. அப்பாதான் தப்பு."

பட்டாணி கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "சாப்பிடாதது நான்தானே? உனக்குத்தான் தெரியல."